ஸ்லௌவில் தங்கச்சியின் பிள்ளைகளுக்குப் பாடசாலை: பெறுபேற்று அட்டவணையை எப்படி வாசிப்பது?

உப்புவெளி_மாமா (திருகோணமலை)

எல்லோருக்கும் வணக்கம். தங்கச்சிக்கு இங்கிலாந்தில் ஸ்லௌ நகரத்து வெக்ஸ்ஹாம் பார்க் ஆஸ்பத்திரியில் தாதி வேலை கிடைத்திருக்கிறது. ஜூன் மாதத் தொடக்கத்தில் குடும்பமாகப் போகிறார்கள். வீடு இன்னும் எடுக்கவில்லை. பாடசாலையைப் பார்த்துத்தான் வீடு எடுக்க வேண்டும் என்று எல்லோரும் சொல்வதால் முதலில் பாடசாலை விஷயத்தைத் தெளிவாக்க விரும்புகிறோம்.

மகள் பிறந்தது 2015 டிசெம்பர். இப்போது தரம் 6, தமிழ்மொழிமூலம். கடந்த ஆண்டு புலமைப்பரிசில் பரீட்சையில் வெட்டுப்புள்ளிக்கு மேல் எடுத்தவள். மகன் பிறந்தது 2020 மார்ச். இந்த ஜனவரியில்தான் தரம் 1 தொடங்கினான்.

ஸ்லௌ பாடசாலைகளின் பெறுபேற்று அட்டவணையைத் திறந்தால் பரீட்சை வைத்துப் பிள்ளைகளை எடுக்கும் கிராமர் பாடசாலைகள் நான்கும் உச்சியில் நிற்கின்றன. மற்றவை வெகு கீழே. அற்றெயின்மென்ட் 8, புரோகிரஸ் 8, ஈபேக் என்று பல நிரல்கள். புரோகிரஸ் நிரல் சில ஆண்டுகளுக்கு வெறுமையாகவே இருக்கிறது. பாடசாலைகளைப் பரிசோதிக்கும் ஒஃப்ஸ்டெட் அமைப்பின் அறிக்கைகளிலும் ஒரு பாடசாலைக்கு ஒற்றைச் சொல்லில் தீர்ப்பு இருக்கிறது, இன்னொன்றுக்கு அப்படி எதுவும் இல்லை.

என் கேள்விகள்:

எந்த நிரலைப் பார்த்து ஒரு பாடசாலை நல்லது என்று சொல்வது? மகளைக் கிராமர் பாடசாலைக்கு முயற்சிக்கலாமா, அல்லது காலம் கடந்துவிட்டதா? புலமைப்பரிசில் பெறுபேற்றுக்கு அங்கே ஏதும் மதிப்பு உண்டா? இருவரும் எந்த வகுப்பில் சேர்வார்கள்? போவதற்கு முன் இங்கிருந்தே என்ன செய்ய வேண்டும்?

---

லாங்லி_ரீச்சர்

அண்ணா, வகுப்பிலிருந்து தொடங்குகிறேன். அது தெளிவானால் பாதிக் குழப்பம் போய்விடும்.

இங்கிலாந்தில் வகுப்பைத் தீர்மானிப்பது பிறந்த திகதி. செப்டெம்பர் 1 முதல் அடுத்த ஓகஸ்ட் 31 வரை பிறந்தவர்கள் எல்லோரும் ஒரே வகுப்பு. இலங்கையில் எந்தத் தரம் படித்தார், எத்தனை புள்ளி எடுத்தார் என்பதெல்லாம் இதில் வராது. உங்கள் மருமகள் ஜூனில் வந்தால் இயர் 5. செப்டெம்பர் 2026 இல் இயர் 6. தரம் 6 படித்த பிள்ளையை இயர் 5 இல் போடுகிறார்களே என்று தங்கச்சி பதற வேண்டாம், அது தரம் இறக்கம் அல்ல. மருமகன் ஜூனில் இயர் 1, செப்டெம்பரில் இயர் 2. அவனுக்குத்தான் இடைவெளி பெரிது. அவனோடு படிக்கப் போகிறவர்கள் இயர் 1 க்கு முந்திய ரிசெப்ஷன் வகுப்பையும் முடித்து, இயர் 1 ஐயும் முடிக்கும் தறுவாயில் இருப்பவர்கள். அவன் உங்களிடம் தரம் 1 இல் அரைவாசி கூடப் படித்திருக்க மாட்டான்.

இனி அட்டவணை. ஸ்லௌவில் நான்கு கிராமர் பாடசாலைகள்: ஹெர்ஷல், லாங்லி, அப்டன் கோர்ட், கத்தோலிக்கப் பாடசாலையான செயின்ட் பேர்னாட்ஸ். இங்கிலாந்து முழுவதிலும் 163 தான் மிஞ்சியிருக்கின்றன. ஒரு சிறிய நகரத்தில் நான்கு இருப்பது அபூர்வம். ஸ்லௌ 1974 வரை பக்கிங்ஹாம்ஷயரைச் சேர்ந்தது, அந்த மாவட்டம் தெரிவுப் பரீட்சை முறையை இன்றுவரை விடவில்லை என்பதை நினைத்தால் காரணம் புரியும். இந்த நான்கும் பத்து வயதுப் பிள்ளைகளைப் பரீட்சை வைத்து எடுக்கின்றன. அப்படி எடுத்த பிள்ளைகள் பதினாறு வயதில் நல்ல பெறுபேறு எடுக்கிறார்கள். திருகோணமலையில் தரம் 6 க்குப் புலமைப்பரிசில் வெட்டுப்புள்ளி வைத்துப் பிள்ளைகளை எடுக்கும் பாடசாலை, சாதாரண தரத்தில் இத்தனை பேருக்கு 9 ஏ என்று பதாகை கட்டினால் அதில் எவ்வளவு பாடசாலையின் உழைப்பு, எவ்வளவு உள்ளே வந்த பிள்ளையின் பலம் என்று நீங்கள் கேட்பீர்கள் அல்லவா? அதே கேள்வியை இங்கேயும் கேளுங்கள்.

இன்னொன்று. நகரச் சராசரி என்று வருவது அந்த நகரத்துப் பாடசாலைகளில் படிப்பவர்களின் சராசரி. அந்த நகரத்தில் குடியிருப்பவர்களின் சராசரி அல்ல. ஸ்லௌ கிராமர் பாடசாலைகளுக்கு நகருக்கு வெளியிலிருந்தும் தினமும் ரயிலிலும் பஸ்ஸிலும் பிள்ளைகள் வருகிறார்கள். அவர்களின் பெறுபேறும் ஸ்லௌ கணக்கில்தான் சேரும். அதனால் "ஸ்லௌவின் பெறுபேறு உயர்வு, அங்கே போனால் பிள்ளை படிக்கும்" என்ற பேச்சை நம்பி வாடகை கூட்டிக் கொடுக்காதீர்கள்.

அற்றெயின்மென்ட் 8 என்பது ஒரு பிள்ளையின் எட்டு இடங்களுக்கான கூட்டுத்தொகை. பதினாறு வயதில் எழுதும் ஜிசிஎஸ்இ பரீட்சையின் தரங்கள் இப்போது 9 முதல் 1 வரை. 9 உச்சம், 4 சாதாரண சித்தி, 5 பலமான சித்தி. கணிதமும் ஆங்கிலமும் இரட்டிப்பாகும். அடுத்த மூன்று இடங்கள் விஞ்ஞானம், கணினி விஞ்ஞானம், வரலாறு, புவியியல், பிறமொழி ஆகிய ஈபேக் பாடங்களுக்கு. கடைசி மூன்றுக்கு எதுவும் வரலாம். உதாரணமாக, கணிதம் 6 (இரட்டிப்பில் 12), ஆங்கிலம் 5 (10), அடுத்த மூன்று 6, 5, 5 (16), கடைசி மூன்று 7, 6, 4 (17) என்றால் மொத்தம் 55. உச்ச அளவு 90. நாட்டுச் சராசரி 46 க்கு அண்மையில் நிற்கிறது. இந்த எண் பிள்ளைகள் எங்கே முடித்தார்கள் என்று சொல்லும். எங்கே தொடங்கினார்கள் என்று சொல்லாது.

புரோகிரஸ் 8 அந்தக் குறையை நிரப்ப 2016 இல் வந்தது. ஆரம்பப் பாடசாலை முடிவில், இயர் 6 இல், நாடு முழுவதும் எழுதும் சாட்ஸ் பரீட்சையில் ஒரே அளவு எடுத்த பிள்ளைகள் நாடு முழுவதும் ஜிசிஎஸ்இயில் சராசரியாக என்ன எடுத்தார்கள் என்று பார்த்து, இந்தப் பாடசாலைப் பிள்ளைகள் அதைவிடக் கூடவா குறைவா என்று கணக்கிடுவார்கள். 0 சராசரி. +0.5 என்றால் ஒவ்வொரு பாடத்திலும் அரைத் தரம் கூட. நீங்கள் பார்த்த வெறுமைக்குக் காரணம் கொவிட். 2020, 2021 இரண்டு ஆண்டும் சாட்ஸ் நடக்கவில்லை. அந்தப் பிள்ளைகள் 2025 இலும் 2026 இலும் ஜிசிஎஸ்இ எழுதும்போது ஒப்பிடத் தொடக்கப் புள்ளி இல்லை. ஆகவே 2024 ஆம் ஆண்டுத் தரவைத் திறந்து பாருங்கள். 2023 ஐயும் சேர்த்துப் பார்த்தால் இன்னும் நல்லது.

பார்க்கும்போது மூன்று இடத்தில் தவறு நடக்கும். எண்ணுக்குப் பக்கத்தில் ஒரு வீச்சு போட்டிருப்பார்கள், உதாரணமாக −0.1 முதல் 0.5 வரை. அந்த வீச்சுக்குள் 0 இருந்தால் அந்தப் பாடசாலை சராசரியிலிருந்து வேறுபட்டது என்று சொல்ல முடியாது. 0.2 க்கும் 0.3 க்கும் இடையில் தரவரிசை போடுவது வீண் வேலை. அடுத்தது, வீட்டில் வேறு மொழி பேசும் பிள்ளைகள் பதினொரு வயதில் ஆங்கிலத்தால் பின்தங்கியிருந்து பதினாறுக்குள் எட்டிப் பிடிப்பார்கள். அவர்கள் நிறைய இருக்கும் பாடசாலையின் புரோகிரஸ் இயல்பாகவே உயரும். ஸ்லௌவில் இது மிக முக்கியம், ஏனென்றால் பஞ்சாபி, உருது, போலிஷ், தமிழ் பேசும் வீடுகள் இங்கே அதிகம். மூன்றாவது, வெளிநாட்டிலிருந்து இயர் 6 க்குப் பிறகு வந்த பிள்ளை சாட்ஸ் எழுதியிராது. அது அற்றெயின்மென்ட் கணக்கில் வரும், புரோகிரஸ் கணக்கில் வராது.

நான் சொல்லக்கூடிய ஆகப் பயனுள்ள இடம் இதுதான்: அரசின் ஒப்பீட்டு இணையத்தளத்தில் பாடசாலையின் பக்கத்தைத் திறந்து, முன்னைய அடைவின்படி பிரித்த பகுதிக்குப் போங்கள். தாழ், நடு, உயர் அடைவு என்று மூன்றாகப் பிரித்திருப்பார்கள். ஹெர்ஷலின் மொத்தத்தையும் வெக்ஸ்ஹாம் ஸ்கூல், பேலிஸ் கோர்ட் (பெண்கள்), வெஸ்ட்கேட், டிட்டன் பார்க், லாங்லி அகடமி போன்ற, பரீட்சை வைக்காமல் எடுக்கும் பொதுப் பாடசாலைகளின் மொத்தத்தையும் ஒப்பிடாமல், பொதுப் பாடசாலைகளின் உயர் அடைவுப் பிள்ளைகள் என்ன எடுத்தார்கள் என்று பாருங்கள். கெட்டிக்காரப் பிள்ளை அங்கே போனால் என்ன ஆகும் என்பதற்கு அதுதான் நேர்மையான விடை. அதோடு, கணிதம் ஆங்கிலம் இரண்டிலும் 5 அல்லது அதற்கு மேல் எடுத்தவர்களின் வீதத்தையும், வரவுக் குறைவு நிரலையும் பாருங்கள். பாடசாலை நேரத்தில் பத்தில் ஒரு பங்கோ அதற்கு மேலோ தவறவிட்டவர்களைத் தொடர்ச்சியான வரவின்மை என்று கணக்கெடுப்பார்கள். அது உயர்ந்திருந்தால் பாடசாலையில் ஏதோ சரியில்லை.

ஒஃப்ஸ்டெட் பற்றிச் சுருக்கமாக: ஒற்றைச் சொல் தீர்ப்பை 2024 செப்டெம்பரில் நிறுத்திவிட்டார்கள். 2025 நவம்பர் முதல் ஐந்து படி கொண்ட அறிக்கை அட்டை. கற்பித்தல், அடைவு, வரவும் ஒழுக்கமும், எல்லோரையும் உள்வாங்குதல் என்று தனித்தனியாகத் தீர்ப்பு. பழைய அறிக்கையாக இருந்தால் திகதியைப் பாருங்கள். உச்சத் தீர்ப்புப் பெற்ற பாடசாலைகளுக்கு 2012 முதல் 2020 வரை வழமையான பரிசோதனையே இல்லை. அதிபர் மாறி, ஆசிரியர் மாறிய பிறகும் பழைய பெயர் ஒட்டிக்கொண்டிருக்கும்.

கிராமர் பரீட்சை: நான்கு பாடசாலைகளுக்கும் ஒரே பரீட்சை, இயர் 6 தொடங்கும் செப்டெம்பரில். வயதுக்கேற்பத் திருத்திய புள்ளியில் 111 எடுத்தால் தகுதி. தகுதி எடுத்தால் இடம் கிடைத்துவிட்டது என்று அர்த்தம் இல்லை. தகுதி பெற்றவர்களுக்குள் யாரை முன்னால் எடுப்பது என்பது பாடசாலைக்குப் பாடசாலை வேறு. பதிவு கோடைவிடுமுறைக்கு முன்பே மூடிவிடும். ஸ்லௌவில் குடியிருக்க வேண்டும் என்ற கட்டாயம் பதிவுக்கு இல்லை, கட்டணமும் இல்லை. ஆகவே திருகோணமலையிலிருந்தே, நான்கு பாடசாலைகளும் சேர்ந்த கன்சோர்ட்டியத்தின் இணையத்தளத்தில் திகதியைப் பார்த்துப் பதிந்துவிடுங்கள். புலமைப்பரிசில் சான்றிதழுக்கு இங்கே நேரடி மதிப்பு எதுவும் இல்லை.

---

கணித_சேர் (திருகோணமலை)

ரீச்சர் சொன்னதில் ஒன்றைச் சற்று மாற்றிச் சொல்ல வேண்டும். சான்றிதழுக்கு மதிப்பில்லை, சரி. ஆனால் பயிற்சிக்கு மதிப்பு உண்டு. புலமைப்பரிசில் முதலாம் வினாத்தாளில் வரும் நுண்ணறிவு வினாக்களும் கிராமர் பரீட்சையின் உருவத் தர்க்க வினாக்களும் ஒரே குடும்பம்: கோலத்தைத் தொடர்தல், பொருந்தாததைக் கண்டுபிடித்தல், உருவத்தைச் சுழற்றிப் பார்த்தல். அந்தப் பகுதியில் பிள்ளை பின்னிற்க மாட்டாள்.

கணிதத்தில் இங்கிருந்தே மூடக்கூடிய ஓட்டைகள் இவை. இங்கிலாந்தில் 12 × 12 வரையான பெருக்கல் வாய்பாட்டை இயர் 4 இலேயே முடித்துவிடுவார்கள். அதற்கென்று கணினியில் 25 வினா, ஒவ்வொன்றுக்கும் 6 செக்கன் என்று ஒரு பரீட்சையே உண்டு. பிள்ளைக்கு 11, 12 ஆம் வாய்பாடு தடுமாறினால் இப்போதே பாடமாக்குங்கள். இயர் 5 இல் நான்கு இலக்க எண்ணை இரண்டு இலக்கத்தால் நெடும் பெருக்கல், மூன்று தசம தானம், சதவீதத் தொடக்கம். இயர் 6 இல் நெடும் வகுத்தல், பின்னத்தைப் பின்னத்தால் பெருக்குதல், விகிதம், எளிய அட்சரகணிதம். செய்முறை பிள்ளைக்குத் தெரிந்திருக்கும். தடுக்கப் போவது வினாவின் ஆங்கிலம். அதனால் கணக்கை மேலும் மேலும் செய்விப்பதை நிறுத்தி, ஏற்கெனவே செய்யத் தெரிந்த கணக்குகளை ஆங்கில வசனத்தில் கொடுங்கள். முதலில் வினாவை வாசித்து, என்ன கேட்கிறார்கள் என்று தமிழில் சொல்லட்டும், பிறகு செய்யட்டும். கூட்டல், வித்தியாசம், மீதி, சராசரி, சுற்றளவு, பின்னத்தின் மேலெண் கீழெண் ஆகியவற்றுக்கான ஆங்கிலச் சொற்களை ஒரு கொப்பியில் எழுதிவையுங்கள். நூறு சொல் வந்தாலே வகுப்பில் வாய் திறக்கலாம். மைல், இறாத்தல், பைந்த் போன்ற பழைய அளவைகளும் அங்கே பாடத்தில் வரும்.

பெடியனுக்கு வேறு வேலை. அங்கே இயர் 1 முடிவில், ஜூனில், போனிக்ஸ் பரிசோதனை நடக்கும். 40 சொற்கள்; அதில் 20 உண்மைச் சொல், 20 அர்த்தமில்லாத பொய்ச் சொல். ஒலியைச் சேர்த்து வாசிக்கத் தெரியுமா, அல்லது மனப்பாடம் செய்த சொல்லை ஒப்புவிக்கிறானா என்று பிரித்துப் பார்க்கவே பொய்ச் சொல். 32 சரியாக வாசித்தால் போதும் என்பது பல ஆண்டாக இருக்கும் எல்லை. அவன் போய்ச் சேரும் நாளைப் பொறுத்து இந்த ஜூனில் தவறினாலும், அடுத்த ஜூனில் இயர் 2 இல் எழுத வேண்டிவரும்.

எங்கள் வீடுகளில் ஏ, பி, சி, டி என்று எழுத்தின் பெயரைத்தான் சொல்லிக்கொடுக்கிறோம். போனிக்ஸுக்கு அது உதவாது, ஒலி வேண்டும். தமிழ் எழுத்தோடு வளர்ந்த பிள்ளைக்கு இடறுவது எங்கே என்றால், எங்கள் 'ப' ஒன்றே ஆங்கிலத்தின் இரண்டு எழுத்துக்கு நிற்கிறது. 'ட' வும் 'க' வும் அப்படியே. பேனையின் ஆங்கிலப் பெயரையும் பத்தின் ஆங்கிலப் பெயரையும் சொல்லச் செய்து, உதட்டிலும் நாக்கிலும் காற்று வெடிப்பதை, வாய்க்கு முன்னால் கையைப் பிடித்து உணரச் செய்யுங்கள். அடுத்த இடறல், இரண்டு மெய் சேர்ந்து வரும் தொடக்கம். "ஸ்கூல்" என்பதை "இஸ்கூல்" என்பான். முன்னால் உயிரெழுத்தைச் சொருகாமல் சொல்லப் பழக்குங்கள். ஆங்கில ஒலிகள் சுமார் 44. ஒரு நாளைக்கு பத்து நிமிடம், ஒரு ஒலி, முந்திய நாட்களின் ஒலிகளை மீட்டல். ஒலிகளை எழுதிக்கொடுக்கும்போது தமிழ் எழுத்தில் எழுதிக்கொடுக்காதீர்கள். பிறகு அதை அழிக்க இரட்டிப்பு வேலை.

தமிழ் வாசிப்பை நிறுத்திவிட வேண்டாம் என்று கெஞ்சிக் கேட்கிறேன். ஒரு மொழியில் சரளமாக வாசிக்கும் பிள்ளை இரண்டாவது மொழியைச் சீக்கிரம் பிடிக்கும்.

---

உப்புவெளி_மாமா

ரீச்சர், சேர், இருவருக்கும் மிக்க நன்றி. தங்கச்சிக்கு அப்படியே அனுப்பிவிட்டேன். அவ கேட்பது: இருவரையும் ஒரே பாடசாலையில் சேர்க்க முடியுமா? காலையில் ஆஸ்பத்திரிக்கு ஓடுகிறவ, இரண்டு இடத்துக்குப் பிள்ளை கொண்டுபோய் விட முடியாது. இன்னொன்று, வின்ட்சரில் ஒரு வீடு வருகிறது, ஸ்லௌவுக்குப் பக்கம் என்கிறார்கள். எடுக்கலாமா?

---

அனுமதி_மேசை

வின்ட்சரை முதலில் முடிக்கிறேன். தேம்ஸ் ஆற்றுக்கு அந்தப் பக்கம்தான், ஆனால் வேறு கவுன்சில், வேறு பாடசாலை முறை. வின்ட்சர் நகரில் மூன்று அடுக்கு: இயர் 4 வரை ஒரு பாடசாலை, இயர் 5 முதல் 8 வரை நடுநிலைப் பாடசாலை, இயர் 9 முதல் மேல்நிலை. மகள் நடுநிலைப் பாடசாலையிலும் மகன் கீழ்நிலையிலும் கட்டாயமாகப் பிரிந்துதான் இருப்பார்கள். ஸ்லௌவில் இயர் 6 வரை ஒரே இடம் கிடைக்க வாய்ப்பு உண்டு. ஒரே பாடசாலைதான் முதன்மை என்றால் வின்ட்சர் வேண்டாம்.

ஸ்லௌவிலும் அது தானாக நடக்காது. ரிசெப்ஷன், இயர் 1, இயர் 2 மூன்றிலும் ஒரு ஆசிரியருக்கு 30 பிள்ளைகளுக்கு மேல் இருக்கக் கூடாது என்பது சட்டம். வகுப்பில் 30 நிறைந்திருந்தால் அதிபர் விரும்பினாலும் முப்பத்தொன்றாவது பிள்ளையை எடுக்க முடியாது, மேன்முறையீட்டில் வெல்வதும் மிக அரிது. இயர் 3 இலிருந்து அந்தச் சட்டம் இல்லை. அதனால் மகளுக்குச் சுலபமாக இடம் கிடைத்து, மகனுக்குக் கிடைக்காமல் போகும் நிலைதான் அதிகம் நடக்கிறது.

வழி இதுதான். வாடகை ஒப்பந்தத்தில் கையெழுத்து வைப்பதற்கு முன், வீட்டைச் சுற்றியுள்ள ஆரம்பப் பாடசாலைகளின் அலுவலகத்துக்கு மின்னஞ்சல் போட்டு இரண்டே கேள்வி கேளுங்கள்: இயர் 1 இலும் இயர் 5 இலும் இப்போது வெற்றிடம் உண்டா? இரண்டு வகுப்பிலும் இடமுள்ள பாடசாலைக்குப் பக்கத்தில் வீடு தேடுங்கள். பெறுபேற்று அட்டவணையைப் பார்த்து வீடு எடுத்துவிட்டுப் பிறகு அந்தப் பாடசாலையில் இடமில்லை என்று நிற்கும் குடும்பங்களை மாதந்தோறும் காண்கிறோம். ஜூனில் வருகிறவருக்கு வெற்றிடம்தான் முதல் வடிகட்டி, பெறுபேறு இரண்டாவது.

மகளுக்கு இடம் கிடைத்து மகனுக்குக் கிடைக்காவிட்டால், மகளைச் சேர்த்துவிட்டு மகனைக் காத்திருப்புப் பட்டியலில் போடுங்கள். அந்தப் பட்டியல் முதலில் வந்தவர் முதலில் என்ற ஒழுங்கில் இருக்காது. பாடசாலையின் முன்னுரிமை விதிகளின்படி இருக்கும். பெரும்பாலான பாடசாலைகளில் உடன்பிறப்பு படிப்பது மேலேயும் வீட்டுத் தூரம் அதற்கு அடுத்தும் வரும். அக்கா உள்ளே இருந்தால் தம்பி பட்டியலில் மேலே ஏறுவான். ஆனால் அக்கா இயர் 6 முடித்து வெளியேறினால் அந்த முன்னுரிமையும் போய்விடும். ஆகவே கையில் இருப்பது ஒரு ஆண்டு.

ஆண்டின் நடுவில் சேர்வதற்கான விண்ணப்பத்துக்கு, எழுத்தில் 15 பாடசாலை நாட்களுக்குள் பதில் தர வேண்டும். 10 நாளில் தர முயல வேண்டும். சனி, ஞாயிறு, விடுமுறை கணக்கில் வராது. ஜூன் நடுவில் போட்டால் ஜூலைத் தொடக்கத்தில் பதில் வரும். ஜூலை நடு தாண்டிப் போட்டால் கோடைவிடுமுறை குறுக்கே வந்து, பதில் செப்டெம்பருக்குத் தள்ளிப்போகும். இறங்கிய வாரமே போடுங்கள்.

மகனுக்கு ஒரு எச்சரிக்கை. சில பாடசாலைகள் இயர் 2 உடன் முடிந்துவிடும். இயர் 3 க்கு வேறு பாடசாலை. அப்படியான இடத்தில் சேர்த்தால் 2027 ஜனவரி 15 க்குள் மீண்டும் விண்ணப்பிக்க வேண்டும். பதில் ஏப்ரல் 16. தானாக மாற்றுவார்கள் என்று இருந்துவிட்டால் இடம் போய்விடும்.

மகளின் இயர் 7 க்கு, கிராமரோ பொதுப் பாடசாலையோ, 2026 ஒக்டோபர் 31 க்குள் குடியிருக்கும் இடத்துக் கவுன்சிலில் விண்ணப்பம் போட வேண்டும். பரீட்சைப் பதிவு வேறு, இந்த விண்ணப்பம் வேறு. பரீட்சையில் 111 எடுத்துவிட்டு இந்தப் படிவத்தைப் போட மறந்தால் இடம் கிடையாது. பெறுபேறு ஒக்டோபர் முடிவுக்கு முன் வந்துவிடும், அதைப் பார்த்து வரிசைப்படுத்தலாம். நீங்கள் எந்தப் பாடசாலையை முதலாவதாகப் போட்டீர்கள் என்பது பாடசாலைகளுக்குக் காட்டப்படாது. எல்லா விருப்பத்துக்கும் தகுதி பார்த்து, கிடைப்பவற்றுள் உங்கள் வரிசையில் மேலே இருப்பதைத் தருவார்கள். ஆகவே விரும்பியதை முதலில் போடுவதால் நட்டம் இல்லை. கிராமர் மட்டும் போட்டுவிட்டு நிறுத்துவதுதான் நட்டம். கிடைக்காவிட்டால் எவருக்கும் வேண்டாத மிச்ச இடத்தைத் தருவார்கள். வீட்டுக்குப் பக்கத்துப் பொதுப் பாடசாலை ஒன்றைக் கட்டாயம் சேருங்கள். தீர்ப்பு 2027 மார்ச் 1.

கொண்டுவர வேண்டியவை: பிறப்புச் சான்றிதழின் புதிய பிரதி, தமிழில் இருந்தால் சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளரின் ஆங்கில மொழிபெயர்ப்பு, கடைசி இரண்டு ஆண்டுத் தேர்ச்சி அறிக்கைகள், விடுகைப்பத்திரம், தடுப்பூசி அட்டை. கண் பார்வை, காது, பேச்சு ஏதும் குறை இருந்து வைத்திய அறிக்கை இருந்தால் அதையும் மறைக்காமல் கொண்டுவாருங்கள். ஆங்கிலம் தெரியாததால் மெதுவாக இருக்கிறானா, வேறு உதவி தேவையா என்று பாடசாலை பிரித்தறிய அது மாதக்கணக்கை மிச்சம் பிடிக்கும்.

கடைசியாக, திருகோணமலைக்கு வந்துபோகும் திட்டங்களைப் பாடசாலை விடுமுறையில் மட்டும் வையுங்கள். கோவில் திருவிழா, கலியாணம் என்று அனுமதியில்லாமல் பத்து வாரத்துக்குள் ஐந்து நாள் தவறினால் தண்டப்பணம் வரும்: ஒரு பெற்றோருக்கு, ஒரு பிள்ளைக்கு, 21 நாளில் கட்டினால் 80 பவுண், தாமதித்தால் 160. தாய் தகப்பன் இருவர், பிள்ளைகள் இருவர் என்றால் நான்கால் பெருக்கிக்கொள்ளுங்கள்.

---

கணித_சேர் (திருகோணமலை)

கிராமர் பரீட்சைக்குப் பதியுங்கள் என்பதில் எனக்கு முழு உடன்பாடு இல்லை. ஆங்கிலப் பந்தி வாசித்து விடையளிக்கும் பகுதியில், தமிழ்மொழிமூலத்தில் படித்து ஜூனில் போகும் பிள்ளை செப்டெம்பரில் மற்றவர்களோடு நிற்க முடியாது. போன உடனேயே ஒரு தோல்வியைக் கையில் கொடுப்பதா? கடந்த ஆண்டுதான் ஒரு போட்டிப் பரீட்சையின் பாரத்தை இறக்கிவைத்த பிள்ளை.

---

லாங்லி_ரீச்சர்

சேர், உங்கள் கவலை நியாயமானது, அதனால் ஒரு நிபந்தனையோடு சொல்கிறேன். பதிவு இலவசம், பதிந்துவிட்டுப் பிறகு எழுதாமல் விடலாம். பதியாமல் விட்டால் பிறகு எழுத முடியாது. ஓகஸ்ட் மாதம் பதினொரு வயதுப் பிள்ளைகளுக்கான ஆங்கில வாசிப்புத்தாள் ஒன்றைக் கொடுத்துப் பாருங்கள். பந்தியின் சாரத்தைத் தமிழிலாவது சரியாகச் சொல்ல முடிந்தால் எழுதட்டும். முடியாவிட்டால் பரீட்சைக்கு வரவில்லை என்று ஒரு மின்னஞ்சல், அவ்வளவுதான். ரியூசனுக்குக் காசு கொட்ட வேண்டாம். அந்த நேரத்தில் பொது நூலகத்துக்குக் கூட்டிப்போங்கள், பிள்ளைகளுக்கு அங்கத்துவம் இலவசம்.

இயர் 7 இல் கிடைக்காவிட்டால் கதவு மூடிவிட்டது என்றும் இல்லை. நான்கு கிராமர் பாடசாலைகளும் இயர் 12 க்கு வெளிப் பாடசாலைப் பிள்ளைகளை ஜிசிஎஸ்இ பெறுபேற்றை வைத்து எடுக்கின்றன. அப்போது அவளுக்குப் பதினாறு வயது, ஆங்கிலத்தில் ஐந்து ஆண்டுக்கு மேல் படித்திருப்பாள். மொழியால் தாமதமாகும் பிள்ளைக்கு அந்த வாசல்தான் பொருத்தம். அதற்காக இப்போதே பார்க்க வேண்டியது, பொதுப் பாடசாலையில் மூன்று விஞ்ஞானப் பாடங்களையும் தனித்தனியாகப் படிக்க வழி இருக்கிறதா, கணிதத்தில் உயர்நிலைத் தாள் எழுதும் பிரிவுக்குப் பிள்ளையை எப்போது, எதை வைத்துப் பிரிக்கிறார்கள் என்பது. தாழ்நிலைத் தாளில் எவ்வளவு திறமையாகச் செய்தாலும் 5 க்கு மேல் எடுக்க முடியாது. ஆங்கிலம் போதாது என்று கணிதத்திலும் தாழ்பிரிவில் போட்டுவிடும் பழக்கம் சில இடங்களில் உண்டு. திறந்த நாளுக்குப் போகும்போது தங்கச்சி கேட்க வேண்டிய முதல் கேள்வி: புதிதாக வந்த பிள்ளையைக் கணிதத்தில் எந்தப் பிரிவில் போடுவீர்கள், எத்தனை மாதத்தில் மீளாய்வு செய்வீர்கள்? தேர்ச்சி அறிக்கையின் கணிதப் புள்ளியை மொழிபெயர்த்துக் கையில் வைத்துக்கொண்டு கேட்கச் சொல்லுங்கள்.